குரலாக மட்டும் தெரிந்த கேப்டன்

அந்தக் கேப்டனின் முகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது 2005இல். அதற்கு ஆறு வருடம் முன்பே அவர் குரல் எனக்கு மனப்பாடம். 1999 ஜூன், ஜூலையில், கார்கில் போரின்போது, திராஸில் அவர் மலைமேல் இருந்து ரேடியோவில் சொல்வார். நான் கீழே, மண்மூட்டை அடுக்கிய குழிக்குள் உட்கார்ந்து அதைக் கணக்காக மாற்றுவேன். அந்தக் கணக்கை வைத்து எங்கள் பீரங்கிகள் சுடும். அந்தச் சண்டைக்காக அவருக்குச் சேனா பதக்கம் கொடுத்தார்கள். அவர் செய்ததற்கு நானும் ஒரு சாட்சிதான், ஆனால் கண்ணால் கண்ட சாட்சி இல்லை, காதால் கேட்ட சாட்சி.

எனக்கு வேலூர் மாவட்டம். எங்கள் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பார். கல்யாணமோ காரியமோ, நாலு பேர் கூடினால் கார்கில் பேச்சு வந்துவிடும். “நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று பையன்கள் கேட்பார்கள். நான் பீரங்கிப் படை, அதிலும் கணக்குப் போடுகிற டெக்னிக்கல் அசிஸ்டென்ட் என்றதும் அவர்கள் முகத்தில் சுரத்து இறங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போடுவதில் என்ன வீரம் இருக்கிறது? நியாயமான கேள்விதான். என்னைப் பொறுத்தவரை பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் பீரங்கிப் படையில் ஒருவர் மட்டும் எப்போதும் முன்னால் இருப்பார். ஓ.பி. ஆபீசர் என்போம், அப்சர்வேஷன் போஸ்ட், அதாவது பார்த்துச் சொல்கிறவர். காலாட்படைக் கம்பெனி மலையேறும்போது கம்பெனி கமாண்டர் கூடவே அவரும் ஏறுவார். கையில் வரைபடம், பைனாகுலர், திசைகாட்டி, கூட ரேடியோ தூக்க ஓரிரு ஆட்கள். அவருடைய ஆயுதம் அவர் கையில் இருக்காது, பல மைல் தள்ளி எங்களிடம் இருக்கும். எதிரி பங்கர் எங்கே என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்து, எவ்வளவு தள்ள வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் தலையைத் தூக்க வேண்டும். மற்றவர்கள் தலையைக் குனிகிற நேரத்தில்தான் அவர் தூக்கியாக வேண்டும். வேலையே அது.

கார்கிலில் எங்கள் படை மொத்தமாகச் சுட்டது சுமார் 2,50,000 குண்டுகளும் ராக்கெட்டுகளும். நெருக்கடியான நாட்களில் 300 பீரங்கி, மோர்ட்டார், ராக்கெட் ஏவிகளில் இருந்து நாளைக்கு 5,000 வரை போனது. டைகர் ஹில்லைப் பிடித்த நாளில் மட்டும் 9,000. கேட்கப் பெரிதாக இருக்கும். இதில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருவர் “இங்கே போடு” என்று சொல்லியிருக்கிறார் என்பது எண்ணிக்கையில் தெரியாது.

மலையில் “இங்கே” என்பதைச் சொல்வது லேசு இல்லை. சமவெளியில் குண்டு ஐம்பது மீட்டர் தள்ளி விழுந்தால் ஐம்பது மீட்டர்தான் தள்ளி விழும். கத்தி மாதிரி நிற்கிற முகட்டில் ஐம்பது மீட்டர் தாண்டிவிட்டால் அது அந்தப் பக்கப் பள்ளத்தில் நானூறு மீட்டர் கீழே போய் வெடிக்கும். சத்தம் வரும், புகை தெரியாது. திராஸே 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு என்பதால் குண்டு வழக்கத்தைவிடத் தூரமாகப் போகும். எவ்வளவு தூரத்துக்கு எப்படிச் சுடுவது என்று சொல்கிற ரேஞ்ச் டேபிள் எங்களிடம் இருந்தது, அது அப்படியே உதவாது. காற்றின் வேகம், அழுத்தம், வெடிமருந்தின் சூடு என்று ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கில் 41 மார்க் வாங்கினவன் நான். அங்கே என்னைக் கணக்குப் போட வைத்தது கடவுளின் குறும்புதான்.

எங்கள் பேட்டரியில், அதாவது பீரங்கிப் பிரிவில், ஆறு போஃபர்ஸ் பீரங்கிகள். ஒரு குண்டு நாற்பது கிலோவுக்கு மேல். அந்த உயரத்தில் அதைத் தூக்கி அடுக்குகிற பையன்கள் பத்தாவது குண்டில் வாயைத் திறந்து மூச்சு வாங்குவார்கள். சில பேட்டரிகளில் பீரங்கியை நெடுஞ்சாலை ஓரம் வரைக்கும் கொண்டு போய் வைத்து, மலைமுகட்டை நேராகவே குறிபார்த்துச் சுட்டார்கள். 155 மில்லிமீட்டர் பீரங்கியை ரைஃபிள் மாதிரிப் பயன்படுத்துவது! பீரங்கி எதிரியைப் பார்க்கிறது என்றால் எதிரியும் பீரங்கியைப் பார்க்கிறான் என்றுதான் அர்த்தம். பதில் குண்டு வரும், வந்தது.

இந்தப் பேச்சு ஒருநாள் ராத்திரி டீக்கு நடுவே வந்தபோதுதான் எங்கள் சுபேதார் சாப் குமாரமங்கலம் கதையைச் சொன்னார். “உங்க ஊர்க்காரர்யா, உனக்குத் தெரியாதா?” என்று என்னைக் கேட்டார். உண்மையிலேயே தெரியாது. திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம், சென்னை மாகாண முதல்வராக இருந்த சுப்பராயனின் மகன் பி.பி. குமாரமங்கலம். பீரங்கி அதிகாரி. 1942 மே 27 காலையில், லிபியா பாலைவனத்தில் பிர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேட் மீது இத்தாலிய டாங்கிகள் கூட்டமாக வந்து ஏறின. இரண்டாவது இந்திய ஃபீல்ட் ரெஜிமென்டின் 25 பவுண்டர் பீரங்கிகள் அவற்றை நேர்க்குறியில் வைத்துச் சுட்டன. பிரிகேட் சிதறிப்போனது, பலர் சிறைப்பட்டார்கள், குமாரமங்கலமும் போர்க்கைதி ஆனார். அந்தச் சண்டைக்காக அவருக்கு டி.எஸ்.ஓ. என்கிற பிரிட்டிஷ் ராணுவ விருது வந்தது. பின்னாளில் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியும் அவர்தான். தோற்ற சண்டையில் வாங்கிய பதக்கம் என்பதுதான் எனக்கு மறக்கவே இல்லை. பீரங்கிக்காரன் பீரங்கியை விட்டு ஓடவில்லை என்பதற்குக் கொடுத்தது. காலாட்படைக்குக் கொடி எப்படியோ அப்படி எங்களுக்குப் பீரங்கி. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும்போது அது விளங்கும்.

சரி, குரலுக்கு வருகிறேன்.

அந்தக் கேப்டன் எங்கள் ரெஜிமென்ட் இல்லை. வேறொரு ரெஜிமென்டில் இருந்து காலாட்படைக் கம்பெனியோடு ஏறியவர். அங்கே எந்த ஓ.பி.க்கும் எந்த பேட்டரியும் சுடும். அதனால்தான் முகம் தெரியாது. குரலில் முதலில் கவனித்தது அதன் நிதானம். ஸ்விட்சை அழுத்துகிற ‘க்ளிக்’ கேட்கும், ஒரு மூச்சு இடைவெளி, அப்புறம்தான் பேச்சு. அவசரக்காரர்கள் அழுத்தும்போதே பேசிவிடுவார்கள், முதல் சொல் அறுந்து போகும். “லெஃப்ட் 100” என்பதில் “லெஃப்ட்” போய் “100” மட்டும் வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர் அத்தனை நாளில் ஒரு சொல்லைக்கூட அறுத்ததில்லை. ஒவ்வொரு இலக்கமும் தனித்தனியாக வரும். நாங்கள் திருப்பிச் சொல்வோம். நாங்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து “கரெக்ட்” என்பார். மேலே என்ன நடந்தாலும் அந்தக் “கரெக்ட்” வராமல் இருந்ததில்லை.

எங்கள் வேலையில் வாயில் வரக்கூடாத ஒரு சொல் உண்டு: ‘ரிப்பீட்’. காதில் விழவில்லை என்றால் ‘சே அகெய்ன்’ என்றுதான் கேட்க வேண்டும். ஏனென்றால் பீரங்கிக்கு ‘ரிப்பீட்’ என்றால் இப்போது சுட்டதையே இன்னொரு முறை சுடு என்று பொருள். புதிதாக வந்த ஆபரேட்டர் ஒருவன் பழக்கத்தில் ‘ரிப்பீ…’ என்று ஆரம்பித்துவிட்டான். பக்கத்தில் இருந்த லான்ஸ் நாயக் அவன் வாயைக் கையால் பொத்திய வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆன பிறகும் போனில் மனைவியிடம் ‘சே அகெய்ன்’ என்கிறேன். “வீட்ல என்ன பீரங்கியா இருக்கு?” என்பாள்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். பெருமையைவிட இதுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஜூன் கடைசி வாரம். குண்டைத் தள்ளுகிற வெடிமருந்துப் பைகளுக்குச் சார்ஜ் என்று பெயர். அது சூடாக இருந்தால் குண்டு கொஞ்சம் வேகமாகக் கிளம்பும், குளிர்ந்திருந்தால் வேகம் குறையும். அதனால் பைகளுக்கு நடுவே தெர்மாமீட்டரைச் செருகி அவ்வப்போது பார்த்து எழுத வேண்டும். அன்று மதியம் வெயில் அடித்தபோது பார்த்தேன், 21 டிகிரி. பலகையில் எழுதினேன். அப்புறம் சாப்பாடு, எதிரிக் குண்டு, குழிக்குள் ஓட்டம், தூக்கம் இல்லாத கண். ராத்திரி இரண்டு மணிக்கு ஓ.பி.யில் இருந்து இலக்கு வந்தபோதும் பலகையில் அதே 21 இருந்தது. அதை எடுத்துக் கணக்கில் போட்டேன். சரிபார்க்கிறவனும் தனியாகக் கணக்குப் போட்டான், இரண்டு விடையும் ஒன்றாக வந்தன. வராமல் என்ன, இரண்டு பேரும் ஒரே பலகையைத்தானே பார்த்தோம்! இரண்டு பேர் சரிபார்த்தார்கள் என்று நிம்மதியாக இருந்துவிடுகிற ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒரே ஊற்றில் தண்ணீர் எடுத்த இரண்டு பேர் இரண்டு சாட்சி ஆக மாட்டார்கள்.

ஒரு பீரங்கி, ஒரு குண்டு. “ஷாட்” என்றோம். நாற்பது வினாடிக்கு மேல் பறக்கும். விழுவதற்கு ஐந்து வினாடி முன்னால் “ஸ்ப்ளாஷ்” என்று எச்சரிக்கை கொடுத்தோம். அமைதி. பிறகு க்ளிக், ஒரு மூச்சு.

“ஆட் 200.”

அவ்வளவுதான். குரல் ஏறவில்லை. நாங்கள் 200 கூட்டிச் சுட்டோம், அது இலக்கில் விழுந்தது, பிறகு ஆறு பீரங்கியும் சுட்டன. எல்லாம் முடிந்த பிறகு மறுபடி க்ளிக்.

“சார்ஜ் டெம்பரேச்சர் எத்தனை மணிக்கு எடுத்தது?”

பலகையைப் பார்த்தேன். எண் இருந்தது, நேரம் இல்லை. வெளியே ஓடி தெர்மாமீட்டரைப் பார்த்தேன். 5 டிகிரி. பதினாறு டிகிரி வித்தியாசம், பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் அது இருநூறு மீட்டருக்கு நெருக்கமாக வந்துவிடும். குறைந்த இருநூறு மீட்டர் எந்தப் பக்கம்? எங்கள் ஆட்கள் படுத்திருக்கிற பக்கம். என் கை நடுங்கியது, குளிரால் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். கன் பொசிஷன் ஆபீசர் சின்ன வயது லெப்டினன்ட். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரேடியோவை என் கையிலேயே கொடுத்தார். நானே சொன்னேன்: மதியம் எடுத்தது, இப்போது 5 டிகிரி, தப்பு என்னுடையது.

“ரோஜர். இனிமேல் நேரத்தோடு எழுது.”

அது எப்படி அவருக்குத் தெரிந்தது என்று பல நாள் யோசித்தேன். பக்கவாட்டில் குண்டு ஊசி மாதிரி நேராக விழுந்திருக்கிறது, தூரம் மட்டும் குறைவு. ஆக வரைபடத்தில் தப்பில்லை, பீரங்கியின் திசையிலும் தப்பில்லை. சாயங்காலம் அதே பேட்டரி சரியாகச் சுட்டது. சாயங்காலத்துக்கும் ராத்திரிக்கும் நடுவே மாறியது குளிர் ஒன்றுதான். தன் பக்கம் குறைவாக விழுந்த குண்டின் புகை அடங்குவதற்குள் ஒரு மனிதர் இப்படி யோசித்திருக்கிறார். கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் நான் பதறி அடுத்த கணக்கிலும் தப்பு செய்திருப்பேன், அதுவும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் பலகையில் நேரம் இல்லாத எண் எதுவும் கிடையாது. வீட்டிலும் அதே கதை. மனைவியின் ரத்த அழுத்த நோட்டில் 150/90 என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்குப் பொறுக்காது. எப்போது பார்த்தது? மாத்திரைக்கு முன்னாலா பின்னாலா? டாக்டரே ஒருமுறை “இப்படித்தான் எழுதணும்” என்று நோட்டைப் பக்கத்து நோயாளியிடம் காட்டினார். திராஸில் கற்றது என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

ஜூலை முதல் வாரத்தில் அந்த ராத்திரி வந்தது. எந்த முகடு என்று சொல்லப் போவதில்லை. அங்கே பிள்ளையைக் கொடுத்த வீடுகள் இருக்கின்றன, எனக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். நான் சொல்லக்கூடியது என் லாக் ஷீட்டில் பென்சிலில் எழுதியது மட்டும். (பென்சில்தான். குளிரில் பால்பாயின்ட் பேனா எழுதாது. யாராவது மலைக்குப் போனால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

இரவு 11.10க்கு முதல் இலக்கு. பேசியது கேப்டனின் ரேடியோ ஆபரேட்டர், ராஜஸ்தான் பையன், வேகமாகப் பேசுவான். நள்ளிரவுக்குள் கம்பெனி மேலே ஏறிவிட்டது. 1.40க்கு ஆபரேட்டர் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனான். கூப்பிட்டோம், கூப்பிட்டோம். ரேடியோவில் மௌனம் என்பது எவ்வளவு நீளம் என்று அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். 1.47க்கு க்ளிக். ஒரு மூச்சு.

“இனிமேல் நானே பேசுவேன்.”

எதிரி திரும்பத் தாக்க வருகிறான், கம்பெனியில் ஆள் குறைந்துவிட்டது. இலக்கு கொடுத்தார். முதல் குண்டு. “ட்ராப் 100.” தன் பக்கம் நூறு மீட்டர் இழுக்கச் சொல்கிறார். அடுத்த குண்டு. “ட்ராப் 50.” லெப்டினன்ட் வரைபடத்தின் மேல் குனிந்தார். ஓ.பி. கடைசியாகச் சொன்ன தன் இடத்தில் ஓர் ஊசி, புதிய இலக்கில் ஓர் ஊசி. இரண்டுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. 1:50,000 வரைபடத்தில் இரண்டு மில்லிமீட்டர் என்றால் நூறு மீட்டர். அந்த அளவுக் குண்டுக்கு நம் ஆட்கள் பல நூறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

லெப்டினன்ட் அவரிடம் அவருடைய இடத்தை உறுதி செய்யச் சொன்னார். கேட்பது எங்கள் கடமை. மேலே ஆள் குழம்பியிருந்தால், காயம்பட்டுத் தப்பாகப் படித்திருந்தால், நாங்களே அவரைக் கொன்றவர்கள் ஆவோம். அவர் கோபப்படவில்லை, “சொன்னதைச் செய்” என்று சொல்லவில்லை. இலக்கம் இலக்கமாகத் தன் இடத்தைப் படித்தார். நாங்கள் திருப்பிச் சொன்னோம். “கரெக்ட்.” பிறகு சொன்னார்:

“மூன்றாம் நம்பர் கன் மட்டும். மற்ற ஐந்தும் பொறுக்கட்டும்.”

அப்போதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆறு பீரங்கியும் ஒரே கணக்கில் சுட்டாலும் ஆறு குண்டும் ஒரே இடத்தில் விழாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. எங்கள் மூன்றாம் நம்பர் அடுத்தடுத்து ஒரே இடத்தில் போடும். அது எங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு மாதமாக ஒவ்வொரு குண்டு விழுவதையும் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். உயிர் போகிற நேரத்தில் உதவும் என்று அல்ல, வேலை என்று குறித்தது.

அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம். ஒரு குண்டு, ஐம்பது மீட்டர் இழுப்பு, மறுபடி ஒரு குண்டு, இருபத்தைந்து மீட்டர் அப்படி, இருபத்தைந்து இப்படி. ஒவ்வொரு முறையும் எங்கள் “ஸ்ப்ளாஷ்” கேட்டதும் அவர் ஸ்விட்சை அழுத்தாமலே கத்துவார்போல, கம்பெனி தலையைக் குனியும். அதை நாங்கள் கேட்டதில்லை, பின்னால் அந்தக் கம்பெனி ஆள் ஒருவர் சொன்னது. மூன்றாம் நம்பர் கன் குழுவில் யாரும் மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. நான் ஒவ்வொரு விடையையும் மூன்று தடவை போட்டேன், ஒவ்வொரு அரை மணிக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து நேரத்தோடு எழுதினேன். 4.32க்கு வந்தது: “எண்ட் ஆஃப் மிஷன். தேங்க்யூ, த்ரீ.”

ஆபரேட்டரை வீழ்த்திய அதே மோர்ட்டார் குண்டின் சில்லு 1.40க்கே கேப்டனின் இடது தோளிலும் ஏறியிருந்தது என்று விடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆபரேட்டர் பிழைத்தான், ஒரு கண் போனது.

அதே நாட்களில்தான், ஜூலை 7 அன்று, திராஸில் ட்வின் பம்ப்ஸ் தாக்குதலில் 158 மீடியம் ரெஜிமென்டின் கேப்டன் ஆர். ஜெரி பிரேம்ராஜ் இறந்தார். திருவனந்தபுரம் பக்கத்து வெங்கானூர்க்காரர். எங்கள் கேப்டன் மாதிரியே ஓ.பி. அதிகாரி. கல்யாணமாகிச் சில மாதம்கூட ஆகாதவர். காயம்பட்ட பிறகும் குண்டுகளைத் திருத்திக்கொண்டே இருந்தவருக்கு இரண்டாவது முறை அடிபட்டது. மறைவுக்குப் பின் வீர் சக்ரா கொடுத்தார்கள். செய்தி வந்த அன்று எங்கள் கமாண்ட் போஸ்ட்டில் யாரும் பேசவில்லை. எங்கள் கேப்டன் தப்பித்ததற்கும் அவர் தப்பிக்காததற்கும் காரணம் திறமை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஓரிரு மீட்டர், அவ்வளவுதான்.

பிறகு ஒரு விஷயம் நடந்தது. கேப்டனைப் பதக்கத்துக்குப் பரிந்துரைக்க விவரம் திரட்டியபோது கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள், நேரம்தான் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். சண்டையில் கடிகாரம் பார்த்தவர் யார்? கடைசியில் எங்கள் லாக் ஷீட்டைக் கேட்டு வாங்கினார்கள். 1.40, 1.47, ஒவ்வொரு “ட்ராப் 50”க்கும் நிமிடம் அதில் இருந்தது. அதே நோட்டில் சில பக்கம் முன்னால் “சா. டெம்ப். 21, நேரம் குறிக்கவில்லை, பிழை” என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அழித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பென்சில்தானே. அழிக்கவில்லை. அழித்த தடம் ஒரு பக்கத்தில் தெரிந்தால் மற்றப் பக்கங்களை யார் நம்புவார்கள்?

2005இல் ஹவில்தாராக ஒரு கோர்ஸுக்கு நாசிக் பக்கம் தேவ்லாலி பீரங்கிப் பள்ளிக்குப் போனேன். அங்கே அவர் ஐ.ஜி. போலீஸ் ஐ.ஜி. இல்லை, இன்ஸ்ட்ரக்டர் இன் கன்னரி. வகுப்புக்குள் குள்ளமாக, முன்தலை வழுக்கையாக ஒருவர் வந்தார். நான் கவனிக்கவே இல்லை. மைக்கை எடுத்தார், ஸ்விட்சை அழுத்தினார், ஒரு மூச்சு விட்டார். நான் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

வகுப்பு முடிந்ததும் போய் சல்யூட் அடித்து, எந்த பேட்டரி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். மைசூர் பக்கத்துக்காரர், தமிழும் ஹிந்தியும் கலந்து பேசினார். அந்த நிதானத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். சிரித்தார். “நிதானமா? பல் கிடுகிடுன்னு அடிச்சுது. வேகமாப் பேசினா உங்களுக்குக் கேட்டிருக்கும். அதனால ஸ்விட்ச் அழுத்தறதுக்கு முன்னாடி தாடையைக் கடிச்சு ஒரு மூச்சு எடுத்துப்பேன்.” குளிரா பயமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்: “ரெண்டும்தான்.” அதற்கப்புறம் பதற்றமான போன் எது வந்தாலும் எடுத்தவுடன் பேசுவதில்லை நான்.

பதக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். முகம் சுளித்தார். சைட்டேஷனில் ‘தன் உயிரைப் பற்றிக் கவலைப்படாமல்’ என்று எழுதியிருந்தது அவருக்குப் பிடிக்கவே இல்லை. “எத்தனை கவலைப்பட்டேன் தெரியுமா? என் பக்கத்துல எழுபது எண்பது பேர். ஒரு இலக்கம் தப்பினா எல்லாரும் போச்சு. வாழ்க்கையில அவ்வளவு ஜாக்கிரதையா நான் இருந்ததே இல்லை. கவலைப்படாதவனுக்கு யாராவது பீரங்கியைக் கொடுப்பானா?” ஆபரேட்டரைப் பற்றி அதில் ஒரு வரிதான் இருந்தது என்று அதற்கும் கோபம். அவனுக்கு ஊரில் ஒரு பெட்டிக்கடை வைக்க ஏற்பாடு செய்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

ஆள் சேர்ப்பு முகாமுக்குத் தயாராகிற எங்கள் ஊர்ப் பையன்களை இப்போது காலையில் மைதானத்தில் ஓடவிடுகிறேன். 1.6 கிலோமீட்டர் ஓட்டம் எல்லாருக்கும் வந்துவிடுகிறது. நான் அவர்களிடம் பாடாய்ப்படுவது வேறு இடத்தில்: ஓடிய நேரத்தை நோட்டில் எழுதும்போது தேதியும், காலையா மாலையா என்பதும், சாப்பிட்டாயா என்பதும் எழுது என்பேன். சொன்னதைத் திருப்பிச் சொல் என்பேன். தப்பு செய்தால் நான் கண்டுபிடிக்கும் முன்னால் நீ சொல் என்பேன். ‘கார்கில் கதை சொல்லுங்க’ என்றால் தெர்மாமீட்டர் கதையைத்தான் சொல்கிறேன். பாதிப் பேர் கொட்டாவி விடுகிறார்கள்.

தேவ்லாலியில் கிளம்பும்போது அவரே நிறுத்தினார். “ஒரு விஷயம். அந்த 21 டிகிரி. அது நீயா?”

“ஆமாம் சாப்.”

“அன்னிக்கு ரெண்டு மணி நேரம் பனிக்கட்டியை உருக்கி ஒரே ஒரு மக் டீ போட்டிருந்தோம். நாலு பேருக்கு. உன் குண்டு விழுந்த அதிர்ச்சியில அது கவிழ்ந்து போச்சு. அந்த ஆபரேட்டர் பையன் உன்னைத் திட்டின திட்டு ரேடியோவுல வராம இருக்கத்தான் நான் ஸ்விட்சை என் கையில வெச்சிருந்தேன்.”

கேன்டீனுக்கு அழைத்துப் போனார். நாலு டீ சொன்னார். இருந்தது இரண்டு பேர். அதிகாரி கூட இருக்கும்போது ஹவில்தார் காசு கொடுப்பது வழக்கம் இல்லை. அன்று அவர் பர்ஸை எடுக்கவே இல்லை. நான்தான் கொடுத்தேன்.